உருகிப்போன வெள்ளி இதயம்

அத்தியாயம் 7

"அந்தம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தா, நான் இந்நேரம் வீட்ல போர்வைக்குள்ள இருந்திருப்பேன் மேடம்," என்றான் தெல்மோ.

காரின் வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. அதுவும் ஒத்தீலியா உட்கார்ந்திருந்த பக்கம். ஓட்டுகிற தெல்மோ கழுத்தை வளைத்து, அவள் பக்கத்துக் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போர்த்தோவிலிருந்து ஆற்றங்கரையோடு வந்து கொந்தொமார் மேட்டுக்கு ஏறுகிற சாலை அது. நவம்பர் மழையில் வளைவுக்கு வளைவு வழுக்கியது.

"வாயைத் திறந்ததாலதான் அவ உள்ள இருக்கா," என்றாள் ஒத்தீலியா.

அவள் நகைகளுக்கு அரசாங்க முத்திரை குத்தும் ஆபீசில் பல வருஷம் இருந்தவள். தங்கத்தில் கலப்படம் கண்டுபிடித்து அலுத்துப்போய், மனிதர்களிடம் கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டாள். தெல்மோ முன்னாள் டாக்சி டிரைவர். டாக்சிக்கு மீட்டர் இருந்தது, வாய்க்கு இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து ஒத்தீலியாவுக்குத் தலைவலி மாத்திரைச் செலவு கூடியிருந்தது.

"மறுபடி சொல்லு. முதல்லேர்ந்து," என்றாள்.

"மூணாவது தடவை மேடம்."

"நீ சொல்லும்போதுதான் அதுல என்ன ஓட்டைன்னு எனக்குத் தெரியுது."

அது பாராட்டா இல்லையா என்று தெல்மோவுக்குப் பிடிபடவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டான்.

"அபீலியோ. நகைப் பட்டறைக்காரர். வெள்ளிக் கம்பியை முடி மாதிரி இழுத்து இதயம் பண்ணி, முலாம் பூசி விக்கறவர். தங்கச்சி இதலீனா. அந்த இதயத்துக்குள்ள கம்பிச் சுருளை வீட்ல உக்காந்து நிரப்பிக் குடுக்கறவ. ஞாயித்துக்கிழமை ஊர்ல கஷ்கொட்டைத் திருநாள். பட்டறை முற்றத்துல நெருப்பைப் போட்டு எல்லாரும் கஷ்கொட்டை சுட்டுத் தின்னுட்டிருக்காங்க. மாடியில அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டை. அவங்க அம்மா போட்ட இதய டிசைனை அண்ணன் லிஸ்பன்காரன் ஒருத்தனுக்கு விக்கப் போறார்னு. 'கையெழுத்துப் போடறதுக்குள்ள உன் கண்ணு அவிஞ்சு போகும்'னு தங்கச்சி கத்தினது கீழ இருந்த அத்தனை பேர் காதுலயும் விழுந்திருக்கு."

"ம்."

"திங்கக்கிழமை காலையில லிஸ்பன்காரன் எதிர்லயே அபீலியோ ஒரு இதயத்தை டார்ச்சுல, அதான் காஸ் ஊதுகுழல்ல, பத்தவெச்சு ஒட்டறார். அது உருகிப் போகுது. 'இன்னிக்குக் கண்ணு சரியில்ல'ன்னு அவரே அவன்கிட்ட சொல்லியிருக்கார். சாயங்காலம் வேற இதயத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, அவன் போனப்புறம் தனியா ஒரு கிளாஸ் பிராந்தியும் குடிச்சுட்டுப் படுத்தவர், செவ்வாக்கிழமை காலையில 'எல்லாம் வெள்ளையா இருக்கு, பனி பெய்யற மாதிரி இருக்கு'ன்னு கத்தி மயக்கமாயிட்டார். இன்னும் முழிப்பு வரல. வந்தாலும் பார்வை சந்தேகம்ங்கறாங்க. மெத்தனால்."

"போலீஸ் கணக்கு?"

"கண்ணு திங்கள் காலையிலேயே போக ஆரம்பிச்சாச்சு, அதுக்கு அந்த உருகின இதயமே சாட்சி. அப்ப விஷம் ஞாயிறு ராத்திரியே உள்ள போயிருக்கணும். ஞாயிறு ராத்திரி அவர் சாப்பிட்டது தங்கச்சி கொண்டுவந்த கீரை சூப்பும் இனிப்பு ஒயினும். பட்டறையில டார்ச்சுக்கு ஊத்தற மெத்தனால் டின் வேற காலியா கிடக்கு. அதை எடுத்து ஒயின்ல கலந்துட்டா. கதை முடிஞ்சுது."

"ஒண்ணை விட்டுட்ட."

தெல்மோ கியரை மாற்றி அடுத்த வளைவில் ஏறினான். அந்த ஒன்றைச் சொல்ல அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னால் இதலீனாவைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றிவிடுகிறது.

"ஆஸ்பத்திரியில டாக்டருக்கே என்னன்னு புரியறதுக்கு முன்னாடி அந்தம்மா அவர் கோட்டைப் புடிச்சு இழுத்து, 'அவன் டார்ச் சாராயத்தைக் குடிச்சிருக்கான்'னு சொல்லியிருக்கா. அதனாலதான் அவர் உயிர் தங்கினது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு டாக்டர் திருப்பிக் கேட்டார். அன்னிக்கு மூடின வாய்."

"விஷம் வெச்சவ அதைச் சொல்லி ஏன் காப்பாத்தணும்?"

"மனசு கேக்கலைன்னு போலீஸ் சொல்றாங்க. கூடப் பொறந்தவன் இல்லையா."

"பதில் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஒத்தீலியா. "அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

* * *

பட்டறை ஒரு பழைய கல் வீட்டின் கீழ்த்தளம். முற்றத்தில் கஷ்கொட்டை சுட்ட சாம்பல் மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பெருக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

ரமீரோ கதவைத் திறந்தான். இதலீனாவின் ஒரே மகன். முப்பத்தைந்து வயதிருக்கும், ஆள் நாலு நாளில் பத்து வயது கூடியிருந்தான். தாய்மாமனின் பட்டறையிலேயே வேலை. அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி ஒத்தீலியாவைத் தேடி வந்தவனும் அவன்தான்.

"அம்மாவைப் பாத்தீங்களா, டோனா ஒத்தீலியா? ஏதாவது சொன்னாளா?"

"வணக்கம்னு சொன்னா. திரும்பறப்போ, மழை வருது பாத்துப் போங்கன்னு சொன்னா. அவ்வளவுதான்."

"என்கிட்டயும் அதேதான்," என்றான் ரமீரோ. "வக்கீல் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வீட்டைப் பத்தி இல்ல. 'பட்டறையில ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதே, உன் மாமா பாட்டில்ல கை வெக்காதே'ன்னு அதையே நாலு தடவை சொன்னா. நான் கொஞ்சம் குடிப்பேன். அவளுக்கு அந்தக் கவலைதான் எப்பவும். ஜெயிலுக்குப் போற நேரத்துலயும்."

"குடிச்சீங்களா?"

"அன்னிலேர்ந்து இல்ல. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அம்மாங்க எப்பவும் இதே பாட்டுதான்," என்றான் தெல்மோ. "எங்கம்மா கல்யாணத்துல எனக்குக் குடுத்த ஆசீர்வாதமே அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒத்தீலியா வேலை மேஜைக்குப் போனாள். கரிக்கட்டையின் மேல் அந்த இதயம் அப்படியே கிடந்தது. போலீஸ் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளங்கை அளவு. ஒரு பாதியில் கம்பிச் சுருள்கள் எறும்பு வரிசை போல நெருக்கமாக இருந்தன. மறுபாதியில் சுருளும் இல்லை, கம்பியும் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கூடி ஒரு வெள்ளி உருண்டையாகத் தொங்கியது.

"இதை யார் நிரப்பினது?"

"அம்மா."

ஒத்தீலியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ யோசித்தாள். தெல்மோவுக்கு அந்த முகம் தெரியும். மேடம் கண்ணை மூடினால் தனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ரமீரோ, இந்த டார்ச்சை ஏத்துங்க. தினம் எப்படி ஏத்துவீங்களோ அப்படி."

மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. சின்ன குளிர்பதனப் பெட்டி அளவு. சிலிண்டர் கிடையாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் வேண்டுகிறபோது வேண்டுகிற அளவு மட்டும் தருகிற இயந்திரம். அதிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடிக்குக் குழாய் போனது. ஜாடியிலிருந்து இன்னொரு குழாய், அதன் முனையில் பேனா போல ஒரு கைப்பிடி, அதன் முனையில் ஊசி.

ரமீரோ முதலில் ஜன்னலைத் திறந்தான். மழைச்சாரல் உள்ளே வந்தது. இயந்திரத்தில் தண்ணீர் மட்டம் பார்த்தான். குழாயை விரலால் தடவிக்கொண்டே போய் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தொட்டுவைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தான். ஊசி அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கடைசியாகக் கண்ணாடி ஜாடியைக் குனிந்து பார்த்தவன் நின்றுவிட்டான்.

"இப்படி ஏத்தக் கூடாதுங்க. ஜாடியில சாராயம் கோட்டுக்குக் கீழ இருக்கு. குழாய் முனைக்கு எட்டல."

"சாராயம் எதுக்கு?" என்றான் தெல்மோ. "மிஷினும் குடிக்குமா?"

"வெறும் காஸா எரிஞ்சா சூடு ரொம்ப அதிகங்க. இந்த மெத்தனால் வழியா குமிழி விட்டு வந்தாத்தான் சுடர் சாதுவாகும். அதுல வெங்காரம் மாதிரி ஒரு சரக்கும் கலந்திருக்கும், வெள்ளி கறுக்காம இருக்க. அதனால பச்சையா எரியும். எங்களுக்குள்ள இதுக்குப் பச்சைன்னே பேரு."

"ஜாடியைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்குமே?" என்றாள் ஒத்தீலியா. "பிளாட்டினம் உருக்க அதிகச் சூடு வேணுமே."

ரமீரோ அவளை வியப்பாகப் பார்த்துவிட்டு ஒரு திருகைத் திருப்பினான். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அழுத்தம் ஏறும் வரை காத்திருந்து, லைட்டரைத் தட்டினான். உஸ் என்று ஒரு சத்தம். வேறு ஒன்றும் தெரியவில்லை.

"அணைஞ்சு போச்சா?" என்று தெல்மோ எட்டிப் பார்த்தான். அவன் கக்கத்தில் இருந்த விளையாட்டுப் பேப்பரின் மூலை மேஜை மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலை திடீரென்று இல்லாமல் போனது. கருகின விளிம்பு மட்டும் மிஞ்சியது. ஒத்தீலியா அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எரியுது. உன் கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

தெல்மோ பேப்பரைப் பார்த்தான். "கோல் கீப்பர் தலை போச்சு மேடம். ஏற்கெனவே அவனுக்குப் பந்து தெரியாது."

ஒத்தீலியா ஒரு வெள்ளிக் கம்பித் துண்டை இடுக்கியில் பிடித்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுடரில் நீட்டினாள். நீட்டியதுதான் தாமதம், கம்பி சுருண்டு உருண்டையாகிவிட்டது. அதைக் கரிக்கட்டை மேல், பழைய இதயத்தின் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சாக இருந்தன.

"அணைச்சுடுங்க," என்றாள்.

ரமீரோ ஊசியின் முனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கினான். படக்கென்ற வெடிச் சத்தம் இல்லாமல் சுடர் அடங்கியது. மின்சாரத்தை நிறுத்தி, மிச்ச அழுத்தத்தை ஜன்னல் பக்கம் வெளியே விட்டு, திருகை மூடினான். 

"திங்கக்கிழமை ஜாடி இப்படித்தான் இருந்துதா?"

"இருந்திருக்கும்," என்றான் ரமீரோ மெதுவாக. "நான் அன்னிக்குக் காலையில இல்ல. தலைவலின்னு படுத்திருந்தேன்."

"டின் காலி. அதனால ஜாடியை யாரும் ரொப்பி வெக்கல. லிஸ்பன்காரன் எதிர்ல நிக்கறான். உங்க மாமா அவசரத்துல ஜாடி வத்தினதைப் பாக்காம ஏத்திட்டார். வெறும் காஸ். முடி மாதிரி கம்பி அந்தச் சூட்டுக்கு எப்படித் தாங்கும்?" ஒத்தீலியா இதயத்தைக் கீழே வைத்தாள். "அவர் கண்ணு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துது. கைதான் தப்பு பண்ணிச்சு. ஆனா வாங்க வந்தவன்கிட்ட எந்த நகைக்காரனாவது ஜாடியைப் பாக்க மறந்துட்டேன்னு சொல்லுவானா? கண்ணு சரியில்லைன்னுதான் சொல்லுவான்."

தெல்மோ விசில் அடிக்க வாயைக் குவித்து, அடிக்காமல் விட்டான். "அப்ப விஷம் ஞாயிறு ராத்திரி போகல. சூப்பும் இல்ல, ஒயினும் இல்ல. இதலீனா வெளிய வந்தாச்சு."

"பாதி வந்திருக்கா," என்றாள் ஒத்தீலியா. "மெத்தனால் எதுல போச்சுன்னு இன்னும் தெரியல."

தெல்மோ ரமீரோவைப் பார்த்தான், சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்து. ரமீரோ அந்த இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல போய் ரொட்டி எடுத்துட்டு வரேன்," என்றான். "நீங்க காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

பதிலுக்குக் காத்திராமல் படியேறிப் போனான்.

* * *

"ரொட்டின்னதும் ஞாபகம் வருது," என்றான் தெல்மோ. கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு ஷொரீஸுவை எடுத்தான். புகையில் வாட்டிய அந்தச் சிவப்புப் பன்றி இறைச்சிக் குழலை அவன் வழக்கு எதுவானாலும் கூடவே கொண்டுபோவான். அலமாரிக்கு அடியில் ஒரு மண் தட்டு இருந்தது, பன்றி வடிவில், முதுகில் கம்பி வைத்தது. கொந்தொமாரில் அது இல்லாத பட்டறை கிடையாது. தட்டில் பிராந்தியை ஊற்றிப் பற்றவைத்து, மேலே ஷொரீஸுவை வாட்ட வேண்டியதுதான்.

"போலீஸ் தேடின எடத்துல சமையலா?"

"பசிக்கு வாரண்ட் கிடையாது மேடம்."

பிராந்தி பாட்டில் அலமாரியின் மேல் அடுக்கில் இருந்தது. வியாபாரம் முடிந்த அன்று அபீலியோ தனக்கு ஊற்றிக்கொள்வதற்கென்று வைத்த தேன் பிராந்தி. தெல்மோ அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்கள், நகை செதுக்கும் உளியால் கீறியவை.

"இங்க பாருங்க. அபீலியோ ஒவ்வொரு தடவை குடிச்சதும் கோடு போட்டு வெச்சிருக்கார். யாராவது திருட்டுத்தனமா குடிச்சா தெரியணுமாம். எங்க மாமனாரைவிடப் பெரிய கஞ்சன் இவர்தான்."

அவன் மண் தட்டைத் தரையில் வைத்தபடியே அதில் கொஞ்சம் ஊற்றினான். குளிருக்கு ஒரு சின்ன கிளாஸிலும் ஊற்றிக்கொண்டான். தேன் பிராந்திக்குக் கலங்கிய பொன் நிறம் இருக்க வேண்டும். இது ஆறிப்போன டீத்தண்ணி போல வெளிறியிருந்தது. கஞ்சன் தண்ணீர் கலந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு தட்டில் தீக்குச்சியை வைத்தான்.

பிராந்தி பற்றிக்கொண்டது. முதலில் நீலம். பிறகு சுடரின் ஓரமெல்லாம் பச்சை ஏறியது, பாசி நிறத்தில்.

"அநியாயம்," என்றான் தெல்மோ, கிளாஸைத் தூக்கிக்கொண்டே. "நம்ம ஊர் ஃபுட்பால் டீம் நீலம், லிஸ்பன் டீம் பச்சை. நெருப்பு பாருங்க, லிஸ்பன்காரன் பக்கம் சேந்துடுச்சு."

கிளாஸ் உதட்டைத் தொட்டது.

ஒத்தீலியாவின் கை கிளாஸின் வாயை மூடியதும், படிக்கட்டுப் பக்கமிருந்து "அதைக் குடிக்காதீங்க" என்று ஒரு குரல் வந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. பிராந்தி தெல்மோவின் தாடையில் வழிந்தது. அவன் சட்டைக் கையால் உதட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான்.

ரமீரோ படியின் கடைசிக் கல்லில் நின்றான். ஒரு கையில் சோளரொட்டி.

ஒத்தீலியா கிளாஸை வாங்கி மேஜையின் தூரத்து ஓரத்தில் வைத்தாள். பச்சைச் சுடரின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அணைத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள். குரல் உயரவில்லை.

"நான் நெருப்போட நிறத்தைப் பாத்துக் கையை நீட்டினேன். பிராந்தி பச்சையா எரியாது. டார்ச் சரக்கு கலந்தாத்தான் எரியும். ஆனா நீங்க நிக்கற எடத்துலேர்ந்து இந்தத் தட்டு தெரியாது ரமீரோ. நடுவுல மேஜை மறைக்குது. உங்களுக்குத் தெரிஞ்சது இவன் கையில இருந்த கிளாஸ் மட்டும்தான்."

ரமீரோ ரொட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அந்த பாட்டில்ல விஷம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் உங்கம்மாகிட்ட கேட்ட அதே கேள்வி."

 ரமீரோ ரொட்டியைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"தெரியாதுங்க," என்றான். "கொஞ்சம் முன்னாடி வரைக்கும் தெரியாது. இருக்குமோன்னு இருந்துது. இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை. முற்றத்துல என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இருந்தாங்க. மாமா மேல சூப் குடிச்சிட்டிருந்தார். அவர் பிராந்தி நல்லா இருக்கும்னு ஊருக்கே தெரியும். ஆளுக்கு ஒரு வாய் ஊத்தினேன். கடைசியில பாத்தா கோட்டுக்கு மூணு விரல் கீழ இருக்கு. மாமா பாத்தா அத்தனை பேர் எதிர்ல அசிங்கப்படுத்துவார். தண்ணி ஊத்தினா குடிச்சதும் கண்டுபிடிச்சுடுவார். பக்கத்துலயே டார்ச்சுக்குப் பச்சை ஊத்தற டின் இருந்துது. அடியில கொஞ்சம் மிச்சம். இதுவும் சாராயம், அதுவும் சாராயம். கோடு வரைக்கும் ஊத்திட்டேன்."

"டின் மேல எழுதியிருக்குமே," என்றான் தெல்மோ. அவன் குரலே அவனுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"பெரிய கேன்லேர்ந்து ஆலிவ் எண்ணெய் டின்னுல மாத்தி வெப்பாருங்க மாமா. ஊத்தச் சுலபம்னு. அது மேல ஆலிவ் மரம் படம்தான் இருக்கு." ரமீரோ கைகளைப் பார்த்துக்கொண்டான். "ஜன்னல், தண்ணி, குழாய், ஊசி, எல்லாம் பாப்பேன். ஒரு நாள் தவறினதில்ல. காஸ்தான் ஆபத்துன்னு சொல்லிக் குடுத்தாங்க. டின்னைப் பத்தி யாரும் எதுவும் சொல்லல, நானும் கேக்கல."

"உங்கம்மா பாத்தாங்களா?"

"காலி சூப் பானையோட படியிறங்கி வந்தா. 'என்னடா ஊத்தற'ன்னா. ஒண்ணும் இல்லம்மான்னேன். டின்னை என் கையிலேர்ந்து வாங்கி அலமாரியில வெச்சுட்டுப் போனா. நான் பண்ணினது என்னன்னு அவளுக்கு அப்போ புரியல. செவ்வாக்கிழமை மாமா கிடந்த கோலத்தையும் மேஜையில இந்த பாட்டிலையும் பாத்ததும் புரிஞ்சிருக்கும்."

ஒத்தீலியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நாலு நாளா இந்த பாட்டிலை ஏன் கொட்டல?"

"கொட்டினா நான்தான்னு ஆயிடும். கொட்டாம இருந்தா அது வெறும் பிராந்தி." அவன் மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினான். "மாமா இதை எடுத்ததே திங்கள் சாயங்காலம். இதயம் உருகினது காலையில. அப்ப கண்ணு காலையிலேயே போயிருக்கு, அப்ப நான் இல்ல. போலீஸ் அந்தக் கணக்கைச் சொன்னப்போ எனக்கு மூச்சு வந்துது டோனா ஒத்தீலியா. என் அம்மாவைக் கூட்டிட்டுப் போறாங்க, எனக்கு மூச்சு வருது. அந்த இதயத்தைத்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன். அது உருகினதே நான் டின்னைக் காலி பண்ணினதாலன்னு இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும்."

 தெல்மோ கிளாஸைப் பார்த்தான். இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் அது அவன் வயிற்றுக்குள் இருந்திருக்கும். ரமீரோ கத்தாமல் இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்க மாட்டான். ஆனாலும் கத்தினான். அம்மாவும் பிள்ளையும் ஒரே மாதிரி வாயைத் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெல்மோ நினைத்தான்.

"என்னைப் பத்தி போலீஸ்ல சொல்லுவீங்களா?" என்றான் ரமீரோ.

"உங்கம்மாவை வெளிய கொண்டுவரத்தான் என்னைக் கூப்பிட்டீங்க," என்றாள் ஒத்தீலியா. "வண்டி வாசல்ல நிக்குது. யார் சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

ரமீரோ எழுந்தான். ஜன்னலைச் சாத்தினான். இயந்திரத்தின் சுவிட்சை இன்னொரு தடவை பார்த்தான். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டான்.

பாட்டிலைத் தெல்மோ காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளப் போனான். ஒத்தீலியா அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

* * *

போர்த்தோ போலீஸ் ஸ்டேஷனில் இதலீனாவை விசாரணை அறைக்குக் கொண்டுவந்தார்கள். சின்ன உடம்பு. விரல் நுனிகளில் கம்பி குத்தின கறுப்புத் தழும்புகள். வாசலில் ஒத்தீலியாவைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பின்னால் ரமீரோ வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த பாட்டில்ல கை வெச்சியாடா?"

"இல்லம்மா."

"நெஜமா?"

"நெஜமா இல்ல."

அவள் உட்கார்ந்தாள். நான்கு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது போல இருந்தது.

ரமீரோ இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். நின்றபடியே சொன்னான். கஷ்கொட்டை, நண்பர்கள், கோடு, டின். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவும் இல்லை. அவன் பாதி சொல்லும்போதே இதலீனா மேஜையைத் தட்டினாள். தெல்மோ அவளை இத்தனை வார்த்தை பேசிக் கேட்டதே இல்லை.

"பொய் சொல்றான். என்னைக் காப்பாத்த வந்திருக்கான். நான் சாபம் குடுத்தேன், நான்தான் கலந்தேன். ஊரே கேட்டுது. இவன் குடிச்சிருக்கான் சார், குடிச்சா இப்படித்தான் என்னத்தையாவது உளறுவான். வாயை மோந்து பாருங்க. இவன் என்னிக்குக் குடிக்காம இருந்திருக்கான்?"

இன்ஸ்பெக்டர் ஒத்தீலியாவைப் பார்த்தார். ஒத்தீலியா பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். 

ரமீரோ அம்மாவின் முன்னால் குனிந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக மூச்சை ஊதினான்.

"நாலு நாளா ஒரு சொட்டு தொடலம்மா," என்றான். "நீதானே தொடாதேன்னே."

இதலீனா வாயைத் திறந்தாள். பிறகு அதை மூடிக்கொண்டு, மற்றக் கையை அவன் தலைமேல் வைத்தாள்.